படியில் வைத்த தூள்

பின்னேரம் நாலே முக்காலுக்கு அந்தக் கொட்டிலின் வாசற்படியில் நாலு கிலோ கறித்தூளை வைத்து, பக்கத்தில் கிடந்த பனையோலைக் கடகத்தை எடுத்து மேலே கவிழ்த்துவிட்டு, சைக்கிளைத் திருப்பினேன். நேரம் சரியாக நினைவிருக்கிறது. அந்த நாட்களில் நான் ஓயாமல் மணிக்கூடு பார்க்கிறவனாக இருந்தேன். மகளின் வகுப்பு ஐந்து மணிக்கு முடியும். அவள் ஒழுங்கைக்குள் திரும்பும்போது நான் எங்கள் வாசல் படலையடியில் நிற்க வேண்டும். சண்டைக்குப் பயந்து கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்ட அன்று சனத்துக்குள் அவளைத் தவறவிட்டு, மறுநாள்தான் யாரோ ஒரு குடும்பத்தின் உழவு இயந்திரப் பெட்டியில் மூட்டைகளுக்கு நடுவே கண்டுபிடித்தோம். அவள் அதைச் சிரித்துக்கொண்டே கதைக்கப் பழகிவிட்டாள். எனக்கு இன்றைக்கும் கதைக்க வராது.

ஆகவே அன்று நான் நின்று பார்க்கவில்லை. குசினிப் பக்கத்தில் புகை எழுந்தது. ஆள் இருக்கிறது என்று நினைத்தேன். "தூள் வைச்சிருக்கு!" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு மிதித்தேன்.

காசு வாங்கின சாமானைக் கையில் கொடுக்காமல் ஏன் படியில் வைத்தேன் என்று கேட்பவர்கள் எங்கள் பக்கத்து ஆட்களாக இருக்கமாட்டார்கள். உப்பையும் மிளகாயையும் கைக்குக் கை கொடுத்தால் கொடுத்தவருக்கும் வாங்கினவருக்கும் சண்டை வரும் என்பார்கள். நான் கூட்டுறவுச் சங்கக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவன், இப்படியான கதைகளைப் பெரிதாக எடுப்பதில்லை. ஆனால் தூளை வறுத்து இடித்தவள் என் மனைவி. ஒவ்வொரு நாளும் நான் திரும்பி வந்ததும் அவள் கேட்கிற முதல் கேள்வி காசைப் பற்றியதாக இராது.

"கையில குடுக்கேல்லைத்தானே?"

"இல்லையப்பா. நிலத்திலதான் வைச்சனான்."

"கந்தோர்க்காரரை நம்பேலாது. அதுதான் கேக்கிறன்."

நாங்கள் ஜெயபுரத்துக்கு வந்து சேர்ந்தபோது எங்களிடம் தொழில் என்று ஒன்றும் இருக்கவில்லை. அவளுக்கு வறுக்கிற தாச்சி ஒன்று மிஞ்சியிருந்தது. இரவல் உரல் ஒன்று கிடைத்தது. இடம்பெயர்ந்து வந்து மரத்தடியிலும் அடுத்தவர் வளவிலும் அடுப்பு மூட்டியவர்களுக்குத் தூள் வறுக்கிற வசதி இல்லை. அரைக்கிற ஆலைக்கு டீசல் இல்லை. செத்தல் மிளகாய் அந்தப் பக்கத்துத் தோட்டங்களிலேயே விளைந்தது. மல்லியும் சீரகமும்தான் வவுனியாவிலிருந்து வரவேண்டும். வந்தால் வரும். வராவிட்டால் வாரக்கணக்கில் வராது. அதனால் வீடு வீடாகப் போய் யாருக்கு எவ்வளவு வேண்டும் என்று முதலில் ஓடரைக் கேட்டு, பிறகு சரக்கைத் தேடி, அதற்குப் பிறகு வறுப்பது என்று வைத்துக்கொண்டோம். அந்த வருமானத்தில்தான் மகளின் படிப்பு ஓடியது.

ஓடர் எடுக்கிற வேலை என்னுடையது. அதில் எனக்கு ஒரு வேடிக்கையான ஆர்வம் பிடித்துக்கொண்டது. ஒரு வீட்டுக்குத் தூள் கறுக்க வறுக்க வேண்டும், இன்னொரு வீட்டுக்குக் கறிவேப்பிலை வாசம் எழும்ப வேண்டும். மலையகத்திலிருந்து முன்னொரு காலத்தில் வந்து காடு வெட்டிக் குடியிருந்தவர்களுக்கு எங்கள் வறுப்பே பிடிக்காது. மல்லி கூட இருக்க வேண்டும், மிளகாய் இளஞ்சூட்டோடு நிற்க வேண்டும். இவையெல்லாம் ஒரு மாதத்தில் பிடிபட்டுவிட்டன. பிடிபடாமல் இருந்தது காசு கொடுக்கிற முறைதான்.

கிளிநொச்சியில் எங்களுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள், என்னோடு படித்தவர்கள், தூளை வாங்கி முகர்ந்து, "அந்த மாதிரி!" என்று புகழ்ந்துவிட்டு, காசை அடுத்த கிழமைக்குத் தள்ளினார்கள். சொந்தக்காரர் காசுக் கதையே எடுக்கமாட்டார்கள். முன்பின் தெரியாதவர்கள் அன்றைக்கே தந்தார்கள். மலையகக் குடும்பத்துப் பெண் ஒருத்தி எல்லாரையும் விட ஒரு படி மேலே போய், தூள் கேட்கிற அன்றைக்கே முழுக் காசையும் தந்துவிடுவாள். தோட்டங்களில் மிளகாய் பிடுங்கக் கூலிக்குப் போகிறவள். எனக்கு அது புரியவில்லை. ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"என்னை உமக்கு வடிவாத் தெரியாது, தங்கச்சி. இண்டைக்கு இருக்கிறம், நாளைக்கு எங்கயோ. முதலே காசைத் தாறீர். பயமில்லையே?"

"எங்கிட்ட இருந்தா செலவாயிரும்ங்க ஐயா. உங்ககிட்ட இருந்தா தூளாயிரும்."

இதைக் கேட்டு என் மனைவி ஒரு கிழமை சிரித்தாள். நான் சைக்கிள் மிதிக்கும்போதெல்லாம் இதையே யோசித்தேன். நம்பிக்கை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது அவளுக்கு ஒரு சேமிப்பு முறையாக இருந்தது. அப்படியானால் அவள் என்னை நம்பினாளா, இல்லையா?

அந்த மலையகப் பெண்ணின் மகள் பெரியபிள்ளையானாள். ஞாயிற்றுக்கிழமை சடங்கு. ஆட்டுக்கறியும் சோறும் போடுவதாக ஏற்பாடு. நாலு கிலோ தூளுக்கு முழுக் காசும் முன்கூட்டியே தந்திருந்தாள். அந்தக் காசு முழுவதையும் கொடுத்து, முழங்காவில் என்கிற பக்கத்து ஊர்க் கடையில் இருந்த கடைசி மல்லியை வாங்கினேன். வியாழக்கிழமை முழுக்க மனைவி இடித்தாள். வெள்ளிக்கிழமை பின்னேரம்தான் நான் அதைப் படியில் வைத்துவிட்டு ஓடினது.

சனிக்கிழமை விடிந்ததும் அவள் எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்தாள்.

"ஐயா, தூள் ரெடியாங்க? அண்ணன் வீட்டுல ஆடு வந்துருச்சு."

"நேற்றே வைச்சிட்டனே. உம்மட படியில."

"நாங்க நேத்து மத்தியானமே அண்ணன் வீட்டுக்குப் போயிட்டோமுங்க. அங்கதான் பந்தல் போட எடம் இருக்கு. நம்ம வீட்ட, டிராக்டர்ல வந்த ஒரு குடும்பத்துக்கு விட்டுட்டோம். கைப்புள்ள எல்லாம் இருந்துச்சு. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

ஊருக்கெல்லாம் தெரிந்திருந்தது. மகளைப் பார்த்துக்கொண்டு படலையடியில் நின்ற எனக்குத்தான் தெரியவில்லை.

இருவரும் ஓடினோம். கொட்டில் வெறுமையாகக் கிடந்தது. அவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் விடியவே திரும்ப ஏற்றிக்கொண்டு முழங்காவில் பக்கம் போய்விட்டது என்று பக்கத்து வளவுக்காரர் சொன்னார். தூளும் இல்லை. ஆனால் முற்றம் கூட்டியிருந்தது. அடுப்புச் சாம்பல் அள்ளிக் கொட்டியிருந்தது. நான் கவிழ்த்துவிட்டுப் போன கடகம் கூரையைத் தாங்கிய கப்பில் ஒழுங்காகத் தொங்கியது. சாம்பலோடு எங்கள் தூளின் வாசம் மெல்லியதாக வந்தது. களவெடுத்துக்கொண்டு ஓடுகிறவர்கள் முற்றத்தைக் கூட்டுவார்களா? அந்த நேரத்தில் நான் யோசிக்கக்கூடாத கேள்வி அது. ஆனாலும் அதுதான் வந்தது.

"உம்மட காசைத் திருப்பித் தாறன்," என்றேன். தருவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை என்பது அவளுக்கும் தெரிந்திருக்கும்.

"காசப் போட்டுக் கொழம்பு வைக்க முடியுங்களா, ஐயா?"

கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அறிய விரும்புகிறவள் மாதிரிக் கேட்டாள். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். நாளைக்கு அவளுடைய ஆட்கள் நாலு பக்கத்திலிருந்தும் வரப்போகிறார்கள். கூலி வேலைக்காரி, மகளுக்காக முதல் தடவை ஊரைக் கூப்பிட்டுச் சோறு போடப்போகிறாள். அவளுடைய இலையில் விழவேண்டிய கறி என் கையால் போய்விட்டது.

வீட்டில் மனைவி நடந்ததைக் கேட்டவுடன் உலக்கையைச் சுவரில் சாத்தினாள். சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"மல்லி ஒரு பிடியும் இல்லை. மிளகாயை மட்டும் இடிச்சுக் குடுக்கேலாது. போங்கோ, போய்த் திருப்பி வாங்கிக்கொண்டு வாங்கோ."

"ஆரிட்டை?"

"இந்த மாதம் நாங்கள் குடுத்த வீடுகளிலதான். ஒரு வீட்டில அளக்கிற சுண்டால ஒரு சுண்டெண்டாலும் மிச்சம் இருக்கும்."

"வித்த சாமானைத் திருப்பிக் கேக்கிறதோ? என்ன கதை இது?"

"கடனுக்குக் குடுத்திட்டு ஆறு மாதமாக் கேக்க வெக்கப்பட்டனீங்கள். இண்டைக்கு அந்த வெக்கத்தை வீட்டில வைச்சிட்டுப் போங்கோ."

"நானும் வாறன் அப்பா," என்றாள் மகள். "நீங்கள் கேக்கமாட்டீங்கள். படலையில நிண்டு மணிக்கூடு பாப்பீங்கள்."

முதலில் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் வீட்டுக்குப் போனோம். ஒரு சதமும் மீதி வைக்காமல் கணக்குத் தீர்க்கிற மனுசன். அவரைத்தான் நான் பெரிதாக நம்பினேன். முழுக் கதையையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அது காசு குடுத்து முடிஞ்ச சாமான். எண்டாலும் உமக்காக," என்று இரண்டு கரண்டி அளந்து ஒரு கடதாசியில் வைத்தார். நிலத்தில் வைக்க மறக்கவில்லை.

அடுத்தது சைக்கிள் திருத்துகிறவர். வருசப் பிறப்பிலிருந்து கடன்காரர். என்னைக் கண்டதும் சைக்கிள் ரியூப்பைத் தண்ணீருக்குள் அமுக்கிக்கொண்டு ஒளியப் பார்த்தார்.

"அண்ணை, அடுத்த கிழமை கட்டாயம்..."

"காசுக்கு வரேல்லை. தூளுக்கு வந்தனான்."

கதையைக் கேட்டதும் நிமிர்ந்து எழும்பி நின்றார். உள்ளே பார்த்து, "எடியேய், அந்தப் போத்தலை அப்பிடியே கொண்டா!" என்று கத்தினார். மனைவி கொண்டுவந்து வைத்தது ஏறக்குறைய முழுப் போத்தல்.

"எல்லாத்தையும் தந்திட்டு நீங்கள் என்ன செய்வியள்?" என்று கேட்டேன்.

"காசு குடுக்காத தூள் உங்கட தூள்தானே, அண்ணை. இவ்வளவு நாளும் நான் அதுக்குக் காவல் இருந்தனான்."

மகள் சிரிப்பை அடக்க முடியாமல் தெருவுக்கு ஓடினாள். அன்று முழுக்க அப்படித்தான் நடந்தது. கணக்கு முடித்தவர்கள் கரண்டியால் தந்தார்கள். கடன் வைத்திருந்தவர்கள் போத்தலைக் கவிழ்த்தார்கள். யாரை நம்பலாம் என்று நான் இத்தனை மாதமாக மனதுக்குள் வைத்திருந்த வரிசை மத்தியானத்துக்குள் தலைகீழாகிவிட்டது. அதன் பிறகு அப்படி ஒரு வரிசை வைத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. கடன்காரர்களுக்கு என் மீது ஒரு பாசம் வளர்ந்திருந்ததா, அல்லது தலையிலிருந்த பாரத்தை இறக்கிவைக்கிற அவசரமா? இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்கு இன்றும் தெரியாது.

பின்னேரம் எங்கள் முற்றத்தில் கறுப்பும் சிவப்புமாகப் பல நிறத் தூள்கள் சொப்பின் பைகளில் இருந்தன. எல்லாவற்றையும் சேர்த்தாலும் இரண்டு கிலோ தேறாது. சடங்கு வீட்டுக்காரி வந்து குந்தியிருந்து பார்த்தாள். மனைவிக்கு அவற்றைக் கலக்க மனம் வரவில்லை.

"இவ்வளவு வீட்டு வாசமும் ஒரு சட்டிக்குள்ள வந்தால் என்னெண்டு சாப்பிடுறது? என்ரை பெயர் கெட்டுப்போம்."

"கலக்குங்கக்கா. வர்றவங்களும் ஒரு ஊரு ஆளுங்க இல்ல," என்றாள் அவள். பிறகு அண்ணாந்து என்னைப் பார்த்தாள். "ஆடு பெருசுங்க ஐயா. பாதிக்குக் கொழம்பு வைப்போம். பாதிய உப்புப் போட்டு அவிச்சிருவோம்."

அப்படிச் சொல்லிவிட்டு முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மனைவி பெரிய சட்டியை எடுத்து வைத்தாள்.

வெயில் இறங்குகிற நேரம். படலையில் ஒரு பெண் சைக்கிளை உருட்டிக்கொண்டு நின்றாள். முப்பது வயதிருக்கும். முகமெல்லாம் செம்மண் புழுதி. கரியரில் ஒரு பை கட்டியிருந்தது. நான் படியில் வைத்துவிட்டு வந்த அதே பை.

"தூள் இடிக்கிற வீடு இதுதானோ? றோட்டு முழுக்கக் கேட்டுக்கொண்டு வாறன்."

"ஓம், வாங்கோ," என்றாள் மனைவி.

அவள் பையை அவிழ்த்து முற்றத்தில் வைத்தாள். மூச்சு வாங்க நின்றுகொண்டே சொன்னாள். "நேற்றுப் பின்னேரம் பிள்ளையைக் குளிக்கவாத்துக்கொண்டு நிண்டனான். குரல் கேட்டு வந்து பாக்க ஆளைக் காணேல்லை. வீடு தந்தவை எங்களுக்குத்தான் வைச்சிட்டுப் போயினம் எண்டு நினைச்சன். சமைச்சுச் சாப்பிட்ட பிறகுதான் பையைத் தூக்கிப் பாத்தன். உதவிக்கு வைக்கிற ஆக்கள் ஒரு சுண்டு வைப்பினம். இவ்வளவு வைக்கமாட்டினம். இது ஆரோ நல்ல காரியத்துக்குச் சொல்லி வைச்சது எண்டு விளங்கீட்டுது. விடியப் பாத்துக் குடுப்பம் எண்டால், இருட்டோட வந்து ஏறச் சொல்லிப்போட்டினம். வெறும் வீட்டில விட்டிட்டுப் போக மனமில்லை. கொண்டு போயிட்டன். சைக்கிள் ஒண்டு இரவல் எடுக்கத்தான் இவ்வளவு நேரமும்."

சடங்கு வீட்டுக்காரி எழுந்து போய்ப் பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். திறந்து பார்க்கவில்லை. இரண்டு கையையும் அதன் மேல் வைத்துக்கொண்டாள்.

மகள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். வந்தவள் அதை வாங்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"மூண்டு கரண்டி எடுத்திட்டம், அண்ணை. அதுக்கு எவ்வளவு எண்டு சொல்லுங்கோ. இப்ப கையில இல்லை. முழங்காவில் பள்ளிக்கூடத்தில இருக்கிறம். அங்கயிருந்தும் ஏத்தினால், எங்க போறம் எண்டு ஆருக்கெண்டாலும் சொல்லிப்போட்டுத்தான் போவன். நீங்கள் கட்டாயம் வந்து காசை வாங்கோணும்."