தெல்தெனிய வயலும் மீரான் முதலாளியின் முறையும்

1. என் வயலில் ஒருவன் உழுகிறான்

மீரான் முதலாளி எங்கள் கந்தோருக்குள் ஓடிவந்தபோது காலில் ஒரு செருப்புத்தான் இருந்தது. கண்டியில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவர். அந்த வருஷம்தான் முதன்முதலாகக் காணி என்று ஒன்றை வாங்கியிருந்தார், தெல்தெனியப் பக்கம் ஒரு வயலில் பங்கு. காணி விற்பனைப் பத்திரமான உறுதியை எழுதியது எங்கள் நொத்தாரிஸ் ஐயா. நான் அவருடைய கிளாக்கர்.

"கிளாக்கர் தம்பி, என்ட வயல்ல எவனோ எருமை கட்டி உழுறான்! பொலிசுக்குச் செல்லுங்க!" சொல்லுங்க என்பது அவர்கள் பேச்சில் அப்படித்தான் வரும்.

ஐயா யாழ்ப்பாணத்தார், சத்தம் போடமாட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "முதலாளி, அவன் கிரிபண்டா. உங்கட பங்காளி. இந்த வருஷம் அவன்ரை முறை" என்றார்.

"அப்ப என்ட முறை?"

"நீங்கள் வாங்கினது போன வருஷம் விதைச்சவன்ரை பங்கு. நிண்ட நெல்லைத் தானே வெட்டி எடுக்கிறதெண்டு பேசித்தான் வித்தவன். இனி மற்ற எட்டுப் பேரும் செய்து முடிய உங்களுக்கு வரும்."

கண்டிப் பகுதி வயல்களில் இது பழைய வழக்கம். தட்டுமாறு என்பார்கள். வயல் சிறியது, பங்காளிகள் ஏராளம். துண்டு போட்டால் ஒருவனுக்கும் எருமை திரும்ப இடம் வராது. ஆகவே முழு வயலையும் ஆளுக்கொரு வருஷமாக மாறி மாறிச் செய்வார்கள். உறுதி எழுதுமுன் ஐயா இதைப் படித்துப் படித்துச் சொன்னார். மனுஷன் கேட்டால்தானே! கதிர் முற்றி நின்ற வயலைப் பார்த்துவிட்டு வந்தவர், "கண்ணால பாத்துட்டேன், போதும்" என்று கையெழுத்தை வைத்தார். நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வரும்.

2. சம்பந்தி வருகிறார்

வயல் மட்டும் என்றால் போகட்டும் என்று விடலாம். மகளின் கலியாணம் அதில் மாட்டிக்கொண்டிருந்தது. அலவத்துகொட மாப்பிள்ளை வீட்டாரிடம், "விருந்துச் சோறு என்ட சொந்த வயல் அரிசி" என்று முதலாளி பெருமையடித்துவிட்டார். மாப்பிள்ளையின் வாப்பா ஹனிபா ஹாஜியார் மறுநாளே வயலைப் பார்க்க வருகிறாராம். புளுகு என்று தெரிந்தால் சம்பந்தம் முறிந்துபோகும். முதலாளி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டார். பாவமாகத்தான் இருந்தது, கூடப் போனேன்.

ஹாஜியாரின் கார் தூரத்தில் தெரிந்ததும் முதலாளி சாரத்தை மடித்துக் கட்டி வரம்பில் ஏறி நின்றார். "டேய், நல்லா ஆழமா உழுடா!" என்று கிரிபண்டாவைப் பார்த்து ஒரு அதட்டல்.

கிரிபண்டா எருமைகளை நிறுத்தினான். அவனுக்குத் தமிழ் கொஞ்சம் வரும். "முதலாளிக்கு ஆசையா? வாங்க, உழுங்க" என்று கலப்பையை இவர் கையில் கொடுத்துவிட்டு, வரம்பில் குந்தி வெற்றிலைப் பையை அவிழ்த்தான். கார் வந்து நின்றுவிட்டது. இனி மாட்டேன் என்று சொல்ல முடியுமா? முதலாளி "ஹை" என்றார். எருமைகள் அவரை வயலின் மறுகரைவரை இழுத்துக்கொண்டு போயின. பாதித் தூரம் நின்றபடி போனார், மிச்சத்தைப் படுத்தபடி.

முதலாளியை அண்ணன் முறை வைத்து நானா என்று கூப்பிடும் ஹாஜியார் குடையோடு ஓடிவந்தார். "என்ன நானா இது? கூலிக்கு ஆள் வைக்காம நீங்களே உழுறீங்களா?"

முதலாளி சேற்றை வாயிலிருந்து துப்பினார். அதற்கு மேல் பொய் சொல்ல அவருக்குத் தெம்பில்லை.

"வயல் என்டதுதான் ஹாஜியார். ஆனா இந்த வருஷம் இல்ல." முறைக் கதை முழுவதையும் சொல்லி முடித்துத் தலையைக் குனிந்துகொண்டார்.

ஹாஜியார் குடையை மடக்கினார். கலியாணம் போயிற்று என்றே நினைத்தேன். பிறகு அவர் கிரிபண்டாவுக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்தார்.

"மகனுக்குச் சொந்தமா ஈக்குதெண்டு நான் செல்லின கடையும் இப்பிடித்தான் நானா. நாங்க சகோதரங்க அஞ்சு பேரு. ஆளுக்கொரு மாசம் தொறக்கிற. அத ஒங்களுக்கிட்ட எப்பிடிச் செல்றதெண்டுதான் வயல் பாக்குற சாட்டுல வந்தேன்."

கலியாணம் குறித்த நாளிலேயே நடந்தது. சோறு, கடை அரிசிச் சோறு.

காணி வாங்க வருகிற இளந்தாரிகள் "விலை ஏறுமா? ரோட்டு வருமா?" என்றுதான் என்னைத் துளைக்கிறார்கள். அது கிடக்கட்டும். இப்போது அதில் இறங்கி நிற்கிறவன் யார், அவன் எப்போது ஏறுவான் என்று அவனிடமே போய்க் கேளுங்கள்.

எட்டு வருஷம் கழித்து மீரான் முதலாளிக்கு முறை வந்தது. விளைச்சலும் குறைவில்லை. புது நெல்லின் முதல் சோற்றை மகளுடைய மூத்த பிள்ளைக்குத் தன் கையாலேயே ஊட்டினார். பிள்ளை ஒரு வாய் மென்று பார்த்தது.

"மூத்தாப்பா, கட அரிசிச் சோறுதான் நல்லம்."