துண்டு போட்டுப் பிடித்த கார்

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு முன்னால் நிற்கிற காரில், ஓட்டுகிறவர் இருக்கையில் என் மகளுடைய மஞ்சள் துப்பட்டா கிடக்கிறது. கண்ணாடி வழியாக வெயில் பட்டுப் பட்டு இப்போது மோர் நிறத்துக்கு வெளுத்துவிட்டது. காலையில் காரைத் துடைக்கும்போது அதை எடுத்து உதறி, மறுபடி அதே இடத்தில் போட்டுவிடுவேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. அதன் துணிக்கூரையை மடிக்கவும் தெரியாது. துடைக்க மட்டும்தான் தெரியும்.

கூரையைத் திறந்துகொண்டு போகிற கார் வேண்டும் என்பது மகளுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே ஆசை. "முதல்ல சைக்கிள ஒழுங்கா ஓட்டுடீ" என்று என் மனைவி அதட்டி அடக்கிவைத்திருந்தாள். மனைவி இறந்த பிறகு அதட்டவும் ஆளில்லை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். மகள் படிப்பை முடித்து உள்ளூரிலேயே வேலைக்குச் சேர்ந்திருந்தாள். கூடப் படித்தவர்கள் பெங்களூர், புனே என்று ஒவ்வொருவராக மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். இவளும் கிளம்பிவிடுவாளோ என்று எனக்கு உள்ளுக்குள் உதறல். ஆசைப்பட்ட காரை வாங்கிக் கொடுத்துவிட்டால் இங்கேயே இருந்துவிடுவாள் என்று நானாக ஒரு கணக்குப் போட்டேன். என் புத்திக்கு எட்டியது அவ்வளவுதான். புதுக் கார் நமக்குக் கட்டுப்படியாகாது என்பதால் பழசில் தேட ஆரம்பித்தோம்.

முதலில் காட்டூரில் ஒன்றைப் பார்த்தோம். பளபளவென்று சிவப்புப் பெயிண்ட், நான் மயங்கிவிட்டேன். மகள் கிட்டே போய் ஓரங்களைத் தடவிப் பார்த்துவிட்டு வந்து, "இது தகரக் கூரையோட வந்த வண்டிப்பா. யாரோ அறுத்துட்டுத் துணி போட்டிருக்காங்க. போலீஸ் பிடிச்சா நீங்கதான் ஸ்டேஷனுக்கு வரணும்" என்று காதோடு சொன்னாள். அடுத்தது மன்னார்புரம். அங்கே பழைய கார் விற்கிறவரிடம், கம்பெனியிலேயே துணிக்கூரை வைத்துச் செய்த நீல நிறச் சின்ன ஜீப் ஒன்று, கூரை மடிக்கப்பட்டு நின்றது. நாங்கள் நுழையும்போதே வேறொருவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். மகள் முகம் வாடிப்போயிற்று. எனக்கு என்ன தோன்றியதோ, தோளில் கிடந்த துண்டை எடுத்து முன் சீட்டில் வீசிவிட்டேன். முசிறியிலிருந்து தினமும் திருச்சிக்கு வேலைக்கு வந்துபோன காலத்தில், பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்து இடம் பிடித்த கை அது. திறந்த வண்டியைக் கண்டதும் சும்மா இருக்குமா? "ஆள் இருக்குங்க" என்று வாயும் தானாகச் சொல்லிவிட்டது.

"ஐயா, இது டவுன் பஸ் இல்லைங்க" என்று கடைக்காரர் சிரித்தார். வண்டியைச் சுற்றிவந்த மனிதர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு அடுத்த வண்டிக்கு நகர்ந்துவிட்டார். "மானத்த வாங்காதீங்கப்பா!" என்று மகள் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பிறகு கால்மிதியைத் தூக்கித் துரு இருக்கிறதா என்று பார்த்தாள். கூரையை மூடச் சொல்லி, என்னை உள்ளே உட்காரவைத்து, மேலே ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினாள்.

"சொட்டுதாப்பா?"

"ஒரே ஒரு எடத்துல."

"எங்க?"

"நான் உக்காந்திருக்கற எடத்துல."

"அப்பப் பரவாயில்ல, எடுத்துக்கலாம்."

அந்த ஒழுகலைக் காட்டியே விலையையும் குறைத்தாள். கெட்டிக்காரி.

வாங்கின பிறகுதான் உறைத்தது, திருச்சி வெயிலில் பகலில் கூரையைத் திறந்தால் கருவாடாகிவிடுவோம் என்று. அதனால் சாயங்காலச் சவாரிதான். வேலையிலிருந்து வந்ததும் ஹாரன் அடிப்பாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு தயாராக இருப்பேன். காவிரிப் பாலத்தில் ஏறியதும் காற்று முகத்தில் அறையும். "மெதுவாப் போம்மா" என்பேன். "பின்னாடி பஸ்காரன் திட்டுறான்ப்பா" என்பாள். எனக்குப் பயமெல்லாம் இல்லை, பாலம் சீக்கிரம் முடிந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். மழை நாளில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்காருவேன். மனைவி போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அந்தக் காரில்தான்.

அடுத்த வருடமே ஜெர்மனியில் வேலை வந்தது. "போகட்டுமாப்பா?" என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்ல எந்தத் தகப்பனுக்கு நாக்கு வரும்? கிளம்புகிற அன்று ஏர்போர்ட்டுக்கு டாக்சி வந்து நின்றது. ஏறப் போனவள் திரும்பி ஓடிவந்தாள். கழுத்திலிருந்த துப்பட்டாவை உருவி, காரின் கதவைத் திறந்து ஓட்டுகிற இருக்கையில் வீசினாள். "எடம் பிடிச்சிருக்கேன்ப்பா. யாரும் உக்காராம பாத்துக்குங்க" என்றாள். டாக்சி தெருமுனை திரும்பும் வரை சிரித்துக்கொண்டேதான் நின்றேன். உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

போன வாரம் போனில் பேசினாள். "அந்தக் கார வித்துருங்கப்பா. நின்னு நின்னு வீணாப் போகுது. நான் இங்கயே வீடு வாங்கப் போறேன். இனிமே அங்க வந்து ஓட்டப் போறேனா என்ன?" சரிம்மா என்றேன். சாப்பிட்டீங்களா என்றாள். சாப்பிட்டேன் என்றேன். அன்றைக்கு அடுப்பே பற்றவைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒருவர் தன் மகளைக் கூட்டிக்கொண்டு காரைப் பார்க்க வந்தார். நானே சொல்லியனுப்பி வந்தவர்தான். கல்லூரியில் படிக்கிற பெண். என் மகளைப் போலவே கால்மிதியைத் தூக்கிப் பார்த்தாள். எங்கே ஒழுகும் என்பதையும் மறைக்காமல் காட்டினேன். அவளுக்கு வண்டி பிடித்துவிட்டது, முகத்தில் தெரிந்தது. ஓட்டுகிற பக்கத்துக் கதவைத் திறந்தவள் துப்பட்டாவைப் பார்த்து நின்றாள். "இத எடுத்துரலாமா அங்கிள்?"

முசிறி பஸ்ஸில் வண்டி கிளம்பியும் ஆள் வராமல் சீட்டில் துண்டு மட்டும் கிடந்தால் நான் சும்மா விட்டதில்லை. "ஆளையே காணோம், வெறும் துண்டுக்கு எதுக்குய்யா எடம்?" என்று சண்டைக்குப் போயிருக்கிறேன்.

"ஆள் வருதும்மா" என்றேன்.

அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் தன் அப்பாவைப் பார்த்தாள். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வாம்மா போகலாம்" என்று அவளை மெல்ல அழைத்துக்கொண்டு போனார். அவர்கள் போன பிறகு நான் காரைச் சுற்றி வந்து, என் பக்கத்துக் கதவைத் திறந்து, என் இடத்தில் உட்கார்ந்தேன். கூரை மூடியிருந்தது. பக்கத்தில் துப்பட்டா கிடந்தது.