நான் மாற்றிப் போட்ட ஆயுள்

பட்டாசுக் கம்பெனி விபத்தில் கணவர் போய் நாற்பது நாள் கழித்து, நான் மறுபடி அச்சகத்துக்கு வேலைக்குப் போனேன். சிவகாசியில் காலண்டர் சீசன் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. என் வேலை பிழை திருத்துவது.

அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. நாத்தனார் தினமும் வந்து எதிரே உட்கார்ந்து, "அழுதுருங்க மதினி" என்பாள், மாத்திரை விழுங்கச் சொல்வதுபோல. நான் இப்படியே மரத்துப்போய்விடுவேன் என்று அவளுக்குப் பயம். எனக்கு எரிச்சல்தான் வரும். உள்ளே ஒன்றுமே இல்லாதபோது எதை எடுத்து அழுவது?

அன்று மேசைக்கு வந்தது, பள்ளிகளில் மாட்டுகிற படத்தாள். விருதுநகர் இயற்பியல் ஆசிரியர் ஒருவரின் ஆர்டர். நட்சத்திரம் வாயுவும் தூசியும் திரண்டு பிறப்பது, நடுவயதில் நம் சூரியன்போல நிதானமாக எரிவது, வயதானால் சிவந்து ஊதுவது, பிறகு மேலெல்லாம் உதிர்ந்து வெள்ளைத் தணலாகச் சுருங்குவது. மிகப் பெரியவை மட்டும் வெடித்துச் சிதறும் என்றிருந்தது. அந்த வரியில் ஒரு 'ச்' விட்டுப்போயிருந்தது. சேர்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போனேன்.

அடியில் ஆயுள் போட்டிருந்தது. பெரிய நட்சத்திரத்துக்குச் சில கோடி ஆண்டுகள். சின்னச் சிவப்பு நட்சத்திரத்துக்குப் பல லட்சம் கோடி. தலைகீழாக இருக்கிறதே என்று பட்டது. பெரிய பூச்சட்டி சின்னதைவிட நேரமாக எரியும், மருந்து கூடினால் நேரமும் கூடும். எங்கள் ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் இது தெரியும். யாரையும் கேட்காமல் இரண்டையும் மாற்றிப் போட்டேன். அப்படியே அச்சாகிப் போய்விட்டது.

மறுவாரம் ஆசிரியர் அச்சான தாள் கட்டுகளோடு வந்து நின்றார். சத்தம் போடவில்லை, விளக்கினார். பெரிய நட்சத்திரம் தன் பாரத்திலேயே நடுவில் நசுங்கி, சூடேறி, இருப்பதையெல்லாம் அவசரமாக எரித்துத் தீர்த்துவிடுமாம். சின்னது மங்கலாக, கொஞ்சம் கொஞ்சமாக எரியுமாம். என் கணவர் ஆறடி ஆள். சீசனில் இரண்டு ஆள் வேலையை ஒற்றையாகப் பார்ப்பார். முப்பத்தொன்பது வயது. ஆசிரியர் சொல்வது சரிதான் என்று தலையாட்டினேன்.

திருத்தச் சீட்டு அடித்து ஒவ்வொரு தாளிலும் ஒட்டுவது என்று முதலாளி முடிவு செய்தார். தப்பு செய்த நானே ஒட்ட வேண்டும். முதல் சில தாள்களைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் சங்கடப்படுவதாக நினைத்திருப்பார், பேச்சுக் கொடுத்தார்.

"பிரபஞ்சம் தோணுனதுலேருந்து இந்தச் சின்னதுல ஒண்ணுகூட இன்னும் அணையலம்மா," என்றார் பெருமையாக.

"அப்ப அது தனியா இன்னும் எம்புட்டு நாளைக்கு எரியணும் சார்?"

அப்போதுதான் அவர் என் முகத்தைச் சரியாகப் பார்த்தார். நான் கேட்டதற்குப் பதில் என் கையிலிருந்த சீட்டிலேயே அச்சாகியிருந்தது, பல லட்சம் கோடி ஆண்டுகள் என்று. பசை தடவி ஒட்டினேன்.