மஞ்சள் நிற ஈயம்

திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு கல்லூரியில் சூரிய மின்கல ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். லெட் அயோடைடு என்ற மஞ்சள் தூளைக் கரைத்து, கண்ணாடித் தகட்டில் மெல்லிய படலமாகப் பூசுவது என் வேலை. ஒளி பட்டால் மின்சாரம் கடத்தும் அந்தத் தூளில் இருப்பது ஈயம். மூச்சிலோ வாயிலோ போனால் உடம்பில் தங்கிவிடும். கருவிலிருக்கும் பிள்ளையின் மூளையையும் விடாது. ஆய்வகத்தில் நச்சுக்காற்றை வெளியே இழுக்கும் விசிறியோ வெகுநாளாக ஓடவில்லை.

கர்ப்பமானதும் பேராசிரியரிடம் சொன்னேன்.

"கையுறை போட்டுட்டுச் செய்யும்மா. இம்புட்டு பயந்தா ஆராய்ச்சிக்கு ஏன் வந்த?"

"விசிறியச் சரி பண்ணிக் குடுங்க சார். இல்லாட்டி பிள்ளை பொறக்குற வரைக்கும் நான் அதைத் தொட மாட்டேன்."

அவர் என் வேலையை வேறொரு மாணவிக்குக் கொடுத்துவிட்டார். நான் பூசிய படலங்களை வைத்துக் கட்டுரை வெளிவந்தது. அதில் என் பெயர் இல்லை.

மகளின் ஞானஸ்நான விருந்துக்கு என் மாமனார் பேராசிரியரையும் அழைத்திருந்தார். வந்தவர் குழந்தையின் கன்னத்தைத் தட்டி, "பாத்தியா, பிள்ளை எம்புட்டு நல்லா இருக்கு! சும்மா பயந்து படிப்பைக் கெடுத்துக்கிட்டியே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், என் கணவரும் சிரித்தார். நான் அந்தத் தூளைத் தொடாமல் இருந்ததால்தான் நன்றாக இருக்கிறாள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என்னை அவருக்குப் பிரியாணி பரிமாறச் சொன்னார்கள்.