மரக்காணத்து அக்காவுக்குச் சொல்லாத முடிவு

புதிதாக வந்த ஒரு விண்வெளித் தொடரில் நான் மூழ்கிக் கிடந்த நேரம் அது. விழுப்புரத்தில் வேலை முடிந்து திண்டிவனம் திரும்பும் பேருந்தில் தினமும் செல்போனில் பார்ப்பேன்.

அன்று விக்கிரவாண்டியில் ஏறிய ஒரு மீன்கார அக்கா, காலி அன்னக்கூடையுடன் என் பக்கத்தில் உட்கார்ந்தார். வாடைக்கு நான் ஜன்னலோரம் ஒதுங்கினேன். அவரோ என் செல்போனையே எட்டிப் பார்த்தார்.

“அந்தப் பொண்ணு ஏம்மா அழுதுக்கினே இருக்குது?”

“புருஷன் போன விண்கலத்துல இருந்து சிக்னல் வரலக்கா.”

“எத்தினி நாளா?”

நிம்மதியாகப் பார்க்க விடுகிறாரா! எரிச்சலில், முடிவு தெரியாமலேயே, “அவன் செத்துட்டான்க்கா” என்றேன்.

அவர் முகம் சுருங்கியது.

“பாடி கெடைச்சுதா?”

“இல்ல.”

“அப்பறம் எப்டிம்மா செத்துட்டான்னு சொல்லுவ? எங்க ஊட்ல ஆம்பள கடல்ல இருக்கிற வரைக்கும் சோத்துப் பானையக் கவுக்க மாட்டோம். நான் இன்னும் கவுக்கல.”

எத்தனை நாளாக என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஒரு இயர்போனைக் கழற்றி அவர் காதில் வைத்தேன். திண்டிவனம் வரை தலையோடு தலை ஒட்டிப் பார்த்தோம். இறங்கியதும் அவர் மரக்காணம் பேருந்தைப் பிடிக்க ஓடிவிட்டார்.

மறுநாள் கடைசிப் பகுதியைப் பார்த்தேன். அவன் உயிரோடு திரும்பி வந்தான்.

இப்போதெல்லாம் விக்கிரவாண்டி நெருங்கினாலே பக்கத்து இருக்கையில் பையை வைத்து இடம் பிடிக்கிறேன். யாராவது திட்டினால் வாங்கிக்கொள்கிறேன். அவரிடம் நான் சொல்ல வேண்டியது ஒரே வரிதான்.

“அவன் வந்துட்டான்க்கா.”