மஞ்சள் குங்குமம் வைத்த கிஃப்ட் கார்டு

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக, நாளை கிரகப்பிரவேசத்துக்குக் கொடுக்க வாங்கிய கிஃப்ட் கார்டைக் கவரில் போட்டுப் பெயர் எழுதினேன். இரண்டு நிமிட வேலை. அதற்காகவே யாருக்கும் கார்டுதான் கொடுப்பேன்.

மதியம் சேலத்தில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போனேன். பில் போடும் இடத்தில் எனக்கு முன்னால் நான் வேலை பார்க்கும் கல்லூரியின் விடுதியில் சமைக்கும் சரசக்கா. பக்கத்தில் ஏழு மாத வயிற்றோடு அவர் மகள். வளைகாப்புக்கு மாம்பழ நிறத்தில் ஒரு சேலை எடுத்திருந்தார்கள்.

அக்கா நீட்டிய கார்டின் நான்கு மூலையிலும் மஞ்சள் குங்குமம். மகளின் கல்யாணத்துக்கு நான் கொடுத்த கார்டு.

"தேதி முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சுக்கா, இனிச் செல்லாது," என்றாள் பில் போடும் பெண்.

"சாமி படத்துக்கிட்டயே வெச்சிருந்தேன் கண்ணு, அதெப்படிக் கெட்டுப்போவும்?"

"விடும்மா, சீலை வேண்டாம்," என்று மகள் அக்காவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

திரும்பிய அக்கா என்னைப் பார்த்துவிட்டார். கார்டைச் சட்டென்று பைக்குள் திணித்தார்.

"ஏனுங் மேடம், நீங்க குடுத்தது இதில்லீங்க. அது ஊட்டுல பத்திரமா இருக்குதுங்க."

கார்டைக் கொடுக்கும்போது, பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்த தேதியை நானும் படிக்கவில்லை.

நாளைக்கான கவரைப் பிரித்துவிட்டேன். பதிலாக என்ன கொடுக்கலாம், சொல்லுங்கள்.

அவர்கள் விட்டுப்போன மாம்பழச் சேலையை நானே வாங்கிவிட்டேன்; இப்போது என் பீரோவில் இருக்கிறது. வளைகாப்புக்கு முதல் நாளே கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன், கார்டைப் பற்றி மூச்சு விடாமல். வீட்டில்கூட இன்னும் சொல்லவில்லை. அக்கா ஃபேஸ்புக்கில் இல்லை. நீங்களும் வாயைத் திறக்காதீர்கள்.