பச்சை பெயிண்டுக்கு அடியில்

ராயபுரத்து வீட்டைக் காலி செய்துவிட்டு மகளோடு பெங்களூர் கிளம்பிய பெரியவர் ஒருவர், தன் சிறுவயது விளையாட்டு ரயிலின் இரண்டு மரப்பெட்டிகளை என்னிடம் கொடுத்தார். ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். நான் மாதிரி ரயில் சேர்ப்பவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

“இந்தப் பச்சைய எடுத்துட்டின்னா உள்ள மெரூன் கீதுப்பா. எங்கப்பா கையால அடிச்சது. நான்தான் சின்ன வயசுல மேல பச்சைய அடிச்சுக் கெடுத்துட்டேன்” என்றவருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கண்ணீரை நம்பி வேலையில் இறங்கினேன்.

என் மனைவியின் தம்பி துறைமுகத்தில் கப்பல்களின் பழைய பெயிண்டைச் சுரண்டுகிறவன். காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்தவன், பெட்டிகளைப் பார்த்துச் சிரித்தான்.

“இன்னா மாமா, கப்பலையே சொரண்டிகினு கீறேன். இந்தத் தம்மாத்தூண்டு பொட்டி எம்மாத்திரம்?”

காஸ்டிக் சோடா கரைத்த வாளியில் ஒரு பெட்டியைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனான். திரும்பி வந்தபோது பெயிண்ட் கழன்றிருந்தது. பசையும் கழன்றிருந்தது. பக்கவாட்டு பிளைவுட் தாள் தாளாகப் பிரிந்து உப்பிக் கிடந்தது.

“இன்னாடா இது, அப்பளம் மாறி கீது?” என்றாள் மனைவி.

“மரம் சரியில்லக்கா” என்றான் அவன். இரும்பு இப்படியெல்லாம் பேஜாரு பண்ணாதாம்.

மிச்சமிருந்த பெட்டியை அவன் கண்ணில் படாமல் அலமாரியில் வைத்தேன். பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் மாடியில் உட்கார்ந்து, பெயிண்ட் ரிமூவரைச் சின்ன பிரஷ்ஷால் தடவி, பச்சை சுருங்கியதும் ஐஸ்கிரீம் குச்சியால் மர ரேகையின் போக்கிலேயே வழித்தேன். ஜன்னல் மூலைகளுக்குப் பல்குத்தும் குச்சி. பச்சைக்கு அடியில் இன்னொரு பச்சை வந்தது. அதற்கும் அடியில் வெறும் மரம். மெரூன் ஒரு பொட்டுகூட இல்லை.

ஒருவேளை நானே வழித்தெறிந்துவிட்டேனோ என்று பயந்து, பெரியவருக்குப் போன் செய்தேன்.

“மெரூனா? அது எங்கண்ணன் ரயிலுப்பா. என்னுது எப்பவுமே பச்சைதான்.”

“நீங்கதானே சார் சொன்னீங்க?”

“சொன்னேனா? சரி, போட்டோ அனுப்பு.”

அனுப்பிய உடனே அவரே அழைத்தார். “இதாம்பா! எங்கப்பா செஞ்சு குடுத்த அன்னிக்கு இப்டியேதான் இருந்துச்சு. கலர் கிலர் அடிச்சிடாத.”

கோபப்படலாமா என்று யோசிப்பதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. அப்படியே விட்டால் ஆலைப் புகையோடு வந்து எங்கள் மாடியில் விழும் கரித்தூள் ஒரே வாரத்தில் அதற்குத் தன் நிறத்தை அடித்துவிடும். அதனால் வார்னிஷ் மட்டும் பூசினேன். ஆனால் அதற்குள் மரம் ஈரக்காற்றைக் குடித்து, அடிப்பலகை லேசாக வளைந்துவிட்டது.

பொங்கலுக்குப் பெரியவர் ஊருக்கு வந்தார். என் தண்டவாளத்தில் பெட்டியை ஓட்டிக் காட்டினேன். கொடுத்தது இரண்டு பெட்டி என்பதே அவருக்கு நினைவில்லை. வளைவில் பெட்டி ஒருபக்கம் சாய்ந்தபடி போனது. தப்பைக் கண்டுபிடித்துவிடுவாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன்.

அவர் பூரித்துப்போயிருந்தார். “அப்பவும் இது இப்டித்தாம்பா சாஞ்சுகினு போவும்.”

நான் பலமாகத் தலையாட்டினேன்.